எல்லோருக்கும் எழுபத்திரண்டு

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

கம்பெனி ஒரு நோட்டு கொடுத்திருக்கிறது. இன்று எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எழுதி, சாயங்காலம் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அந்த நோட்டையே கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எனக்காக எழுதுகிறேன். நாகஜோதி, வயது முப்பத்தொன்று, வெர்டான் ஸ்மார்ட் வாட்ச் விற்பவள். இதை யாரும் படம் பிடிக்கக் கூடாது.

இடம்: மதுரை, மங்கை ஸ்டோர்ஸ், நாலாவது மாடி. ஒரு பக்கம் எவர்சில்வர் பாத்திரம், இன்னொரு பக்கம் பாய், தலையணை. நடுவில் என் கறுப்புக் கண்ணாடி மேஜை, வழி தவறி வந்த மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. கீழே மூன்று மாடியிலும் ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம். என் வாட்ச் ஒன்றின் விலை இருபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. பத்துப் பைசா தள்ளுபடி கிடையாது.

கம்பெனி விதி: மேஜைக்கு அருகில் 'தள்ளுபடி' என்ற சொல்லே இருக்கக் கூடாது. கடை விதி: எல்லா மேஜையிலும் சிவப்பு 'ஆடித் தள்ளுபடி' அட்டை தொங்க வேண்டும். இரண்டு விதிக்கும் நடுவில் நான் தொங்குகிறேன்.

ஆடி முடிவதற்குள் நாற்பது வாட்ச் விற்க வேண்டும். இல்லையென்றால் மேஜையைத் தூக்கிவிடுவார்களாம். மேஜையோடு என்னையும். முன்பு வேலை பார்த்த ஷோரூமை மூடிய பிறகு பதினோரு மாதம் வீட்டில் இருந்தேன். இன்னொரு தடவை அப்படி இருக்க என்னால் முடியாது.

இன்று விற்றது: பூஜ்யம்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. கூட்டம் தள்ளியது. முப்பது பேர் நின்றார்கள், முப்பது பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இதுக்கு என்ன ஃப்ரீ?"

ஒரு அம்மா மட்டும் ஆசையாகக் கையை நீட்டினார்கள். காட்சிக்கு வைத்திருக்கும் டெமோ வாட்சைக் கட்டிவிட்டேன். நாடித் துடிப்பு நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது. லிஃப்டில் இடமில்லாமல் நாலு மாடியும் படியேறி வந்திருக்கிறார்கள், வேறெப்படிக் காட்டும்?

"நிமிஷத்துக்கு எத்தனை இருக்கணும்?"

"அறுபதுலேருந்து நூறுக்குள்ளம்மா. நீங்க படியேறி வந்ததால..."

"ஆத்தாடி! சேலை எடுக்க வந்த எடத்துல வியாதியக் கட்டிக்கிட்டுப் போகவா? கழட்டு, கழட்டு."

கூட வந்த நாலு பேரும் போய்விட்டார்கள். பூஜ்யம்.

ஜூலை 19, சனி

பூஜ்யம். என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். சும்மா நிற்கும்போது நூற்று நாலு.

ஜூலை 20, ஞாயிறு

காலையிலேயே இரண்டு பேர் எண்ணைப் பார்த்துப் பயந்து போனார்கள். ஏரியா மேனேஜர் பிரஷாந்துக்குப் போன் செய்து அழாத குறையாகச் சொன்னேன். அவர் சென்னையிலிருந்து சிரித்தார்.

"என்னங்க நீங்க, டெமோ மோட் போடலையா? செட்டிங்ஸ்ல இருக்கு பாருங்க. யார் கட்டினாலும் எழுபத்திரண்டு காட்டும், ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு. கஸ்டமர் ஹேப்பியா இருக்கணும் இல்ல?"

எட்டுத் தடவை திரையைத் தொட்டால் மாறிவிடுகிறது. மாற்றினேன். அதன் பிறகு படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கும் எழுபத்திரண்டு. வெற்றிலை போட்ட தாத்தாவுக்கும் எழுபத்திரண்டு. அவர் மீசையை நீவிக்கொண்டு, "வயசுப் பயலுக்கு இருக்க மாதிரில்ல இருக்கு!" என்றார். எல்லோர் முகத்திலும் பரீட்சையில் தேறிய சந்தோஷம்.

இரண்டு விற்றேன்!

இது ஏமாற்று வேலை இல்லை. பொம்மைக்குக் கட்டிய சேலை எல்லோருக்கும் அப்படியேவா நிற்கிறது? வாங்கிப் போகிற வாட்ச் சரியாகத்தான் காட்டும். இது காட்சிக்கு.

ஜூலை 22, செவ்வாய்

நாலாம் மாடி மேற்பார்வையாளர் வீரணன் அண்ணன் இன்று முதல் தடவையாக என் மேஜைக்கு வந்தார். ஐம்பத்து மூன்று வயது. கடை தொடங்கியதிலிருந்து இருக்கிறார். ஊழியர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்பதால் ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை படியேறி இறங்குகிற மனிதர். அவர் சத்தம் போட்டால் எவர்சில்வர் குடங்கள் எதிரொலிக்கும்.

"தாயி, ஒரு வாரமா நெஞ்சப் புடிச்ச மாதிரி இருக்கு. வாயுதான். வீட்ல ஆஸ்பத்திரிக்கு வா வாண்டு உசுர வாங்குறா. இதுல பாத்துச் சொல்லிரு."

கட்டிவிட்டேன். எழுபத்திரண்டு.

"எழுவத்தி ரெண்டா! பாரு, நான் சொன்னேன்ல, வாயுதாண்டு." முகம் மலர்ந்து போனார்.

உண்மையைச் சொல்லியிருப்பேன். பக்கத்தில் ஒரு தம்பதி விலை கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வாங்கினார்கள். இதுவரை ஐந்து.

ஜூலை 24, வியாழன்

அண்ணன் இன்று மூன்று தடவை வந்தார். காலையில் எழுபத்திரண்டு, மதியம் எழுபத்திரண்டு, மாலையில் எழுபத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் அதிசயம் போலப் பார்க்கிறார். போகும்போது பாத்திரம் வாங்க வந்தவர்களையும் இழுத்து வந்து விடுகிறார்.

"இங்கிட்டு வாங்க சார். சும்மா சொல்லல, நானே தெனம் பாக்குறேன். நாலு மாடி ஏறி வந்தாலும் அசையாம நிக்கிது எழுவத்தி ரெண்டு. அது வாட்சோட தரம் சார்."

அது வாட்சின் தரமில்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. இல்லை, வாங்குகிறவர்களுக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதுவரை ஒன்பது. அதில் நாலு அவரால்.

ஜூலை 26, சனி

பிரஷாந்த் நேரில் வந்தார். அவர் லிஃப்டில் இருக்கும்போதே வீரணன் அண்ணன் கண்ணைக் காட்டினார், தள்ளுபடி அட்டையைத் திருப்பிவிட்டேன். ஆனால் மஞ்சள் பையை மறைக்க முடியவில்லை. கம்பெனியின் கறுப்புக் காகிதப் பையில்தான் வாட்சைக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்களோ மங்கை ஸ்டோர்ஸ் மஞ்சள் துணிப் பை இல்லாமல் நகர மாட்டேன் என்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஆடிக்கு எடுத்தது என்று தெருவுக்கு எப்படித் தெரியும்?

"இருபத்தஞ்சாயிரம் ரூபா பொருளை இதுலயா போடுவீங்க?" என்று பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"அது என்னோட பை சார். மத்தியானச் சோறு இருக்கு," என்றார் வீரணன் அண்ணன். எனக்காகச் சொன்ன பொய். வாட்ச் பெட்டி உள்ளே முட்டிக்கொண்டு நின்றது.

பிரஷாந்த் போன பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பாய் விற்கிற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் அண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நெற்றியெல்லாம் ஈரம். ஏசி இந்த மாடியில் சரியாக வேலை செய்வதில்லை.

பதினேழு.

ஜூலை 27, ஞாயிறு

ஒரே நாளில் ஆறு. இருபத்து மூன்று ஆகிவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும்.

தண்ணீர் பிடிக்கப் போனபோது மூன்றாம் மாடிப் படித் திருப்பத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். காலை முதல் மாலை வரை அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏ பஞ்சவர்ணம், சும்மா நைய்யிநைய்யிண்டு பொலம்பாத. இப்பத்தான் வாட்சுல பாத்துட்டு வாரேன். எழுவத்தி ரெண்டு. டாக்டரு என்ன அதுக்கு மேல சொல்லிருவான்?"

என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஐம்பத்து மூன்று வயதில் படியேறினால் யாருக்கும் களைப்பாகத்தானே இருக்கும்?

ஜூலை 28, திங்கள்

நிஜ எண்ணுக்குத் திருப்பவும் எட்டுத் தொடுகைதான். திரும்ப எண்ணிப் பார்த்தேன். ஏழாவது வரைக்கும் போய் நிறுத்திவிட்டேன்.

ஜூலை 30, புதன்

இன்று சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்து வந்தேன். அண்ணன் வந்தார், கையை நீட்டினார். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, எதுக்கும் ஒரு தடவ டாக்டர்கிட்டக் காட்டிருங்கண்ணே."

"ஏன் தாயி? ஒன் வாட்சு மேல ஒனக்கே நம்பிக்க இல்லையா?"

பக்கத்தில் அரசு ஊழியர் போல ஒருவர் மனைவியோடு நின்றிருந்தார். இருவரும் என் வாயையே பார்த்தார்கள். நான் சிரித்தேன். "நம்பிக்கை இல்லாமலாண்ணே விக்கிறேன்," என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அவர்கள் ஜோடியாக இரண்டு வாங்கினார்கள். இருபத்தொன்பது. சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முப்பத்து மூன்று. இன்னும் ஏழு. ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பதினெட்டு, அன்று ஒரே நாளில் ஏழும் போய்விடும். போனதும் திங்கட்கிழமை காலை முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன். மூன்று நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பெருக்கு

வரிசையாக எழுத முயல்கிறேன்.

பதினொரு மணிக்கு ஒருவர் வாட்ச் வாங்கிப் போனார். முப்பத்து நாலு. அடுத்ததாக ஒரு குடும்பம் நின்றது. அப்பாவுக்கும் தங்களுக்கும் வாங்க வந்த அண்ணன் தம்பிகள், அவர்களின் மனைவிமார். மூன்று வாட்ச் எடுப்பதாகப் பேச்சு.

அப்போது ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். கையில் தூக்குவாளி, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அன்று காலைதான் தாலிக் கயிறு மாற்றியிருக்கிறார்கள், மஞ்சள் கறை ரவிக்கையில் ஒட்டியிருந்தது.

"நீதான் வாட்சு பொண்ணா? நான் வீரணன் வீட்டுக்காரி."

பஞ்சவர்ணம் அக்கா. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ரெண்டு வாரத்துக்கு மேலாப் புடிச்சுப் பொலம்புறேன், மனுசன் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்கிறாரு. நல்லவேளை நீ இருக்க. அவரு போன்ல எழுவத்தி ரெண்டுண்டு சொன்னாத்தான் எனக்கு ஒரு வாய் சோறு எறங்குது. இந்தா தாயி, இன்னிக்கி பூசையில வச்சது." என் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டினார்கள்.

அந்தக் கையில்தான் டெமோ வாட்சை எடுத்தேன். எட்டுத் தொடுகை. இந்தத் தடவை ஏழில் நிற்கவில்லை.

"வீரணன் அண்ணனக் கூப்பிடுங்க," என்றேன். குடம் அடுக்குகிற இடத்திலிருந்து அவரே சிரித்துக்கொண்டு வந்தார். மனைவியைப் பார்த்ததும் வெட்கம் வேறு. கட்டிவிட்டேன்.

நூற்று முப்பத்தொன்று. தொண்ணூற்றாறு. நூற்று நாற்பது. எண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பிறகு சிவப்பாக ஒரு வரி: துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மிசினு கெட்டுப்போச்சு போல தாயி."

"இல்லண்ணே."

"பின்ன என்ன? நேத்து வரைக்கும் நல்லாத்தான காட்டுச்சு? எழுவத்தி ரெண்டுல அசையாம நிண்டுச்சு. தூசி போயிருக்கும், தொடச்சுப் பாரு."

நான் சொன்ன பொய்யை வைத்தே அவர் உண்மையை அடித்தார். அந்தக் குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மருமகள் பணப் பையைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணே, இத்தன நாளும் காட்டுனதுதான் பொய்," என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. "அது கடைக்கு வச்ச கணக்கு. யார் கட்டினாலும் எழுபத்திரண்டு காட்டும். இந்தத் தலகாணிக்குக் கட்டுனாலும் காட்டும். உங்க துடிப்ப அது ஒரு நாளும் பாக்கல. இன்னிக்கித்தான் பாக்குது."

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாக எதையாவது சொல்வார் என்று நின்றேன்.

"அப்ப எம் பேச்ச நம்பி வாங்கிட்டுப் போனவக?" என்றார்.

அவருடைய நெஞ்சு அங்கே தாளம் தப்பிக்கொண்டிருக்கிறது, அவர் கேட்டது இதைத்தான்.

"அவங்களோடது சரியாக் காட்டும்ணே. பொய் சொன்னது இது ஒண்ணுதான். இதுவும் நானும்."

பஞ்சவர்ணம் அக்கா தூக்குவாளியை என் மேஜையில் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தார்கள். இருவரும் நடந்தார்கள். அவர் படிப் பக்கம் திரும்பினார். முப்பது வருடப் பழக்கம்! நான் மேஜையைத் தாண்டி ஓடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "லிஃப்ட்ல போங்கண்ணே!"

"ஸ்டாஃபு ஏறக் கூடாது தாயி."

"ஏறுங்க!" என்று கத்தினேன். லிஃப்டில் நிறைந்து நின்றவர்களில் நாலு பேர் தாமாகவே இறங்கி இடம் விட்டார்கள்.

திரும்பி வந்தபோது அந்தக் குடும்பம் இல்லை. தூக்குவாளி மட்டும் இருந்தது. சித்ரான்னம், இன்னும் சூடாக இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

அண்ணனுக்குத் துடிப்பும் தப்புகிறது, ரத்தக் குழாயில் அடைப்பும் இருக்கிறது. நேற்றிரவே அடைப்பை எடுத்திருக்கிறார்கள். இன்னும் ரெண்டு நாள் படியேறியிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரவே வேண்டியிருந்திருக்காது என்றாராம் டாக்டர். பாய் பிரிவுப் பெண்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

பிரஷாந்த் போன் செய்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்கள யாருங்க கேட்டா? மூணு வாட்ச் கையில இருந்து போயிருக்கு. திரும்ப டெமோ மோட் போடுங்க."

"போட மாட்டேன் சார்."

"நாற்பது வரலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் சார்."

போனை வைத்த பிறகு என் கையில் கட்டிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. பயம்தான். ஆனால் என்னுடைய எண்.

ஆகஸ்ட் 9, சனி

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். எனக்கென்று போட்டிருக்கும் ஸ்டூலை மேஜைக்கு வெளியே வைத்துவிட்டேன். "முதல்ல அஞ்சு நிமிஷம் உட்காருங்கம்மா, படியேறி வந்திருக்கீங்க. அப்புறம் பாப்போம்." இந்த ஐந்து மாடிக் கடையில் வாங்க வருகிறவர்கள் உட்கார ஒரு இடம் கிடையாது. அதனால் வாட்சுக்கு வராவிட்டாலும் ஸ்டூலுக்கு வருகிறார்கள். கால் வலியைச் சொல்கிறார்கள், மருமகளைச் சொல்கிறார்கள். அதற்குள் துடிப்பு இறங்கிவிடுகிறது. சிலருக்கு இறங்குவதில்லை. அவர்களிடம் வாட்சைப் பற்றிப் பேசாமல் டாக்டரைப் பற்றிப் பேசுகிறேன்.

இந்த வாரம் இரண்டுதான். முப்பத்தாறு.

ஆகஸ்ட் 13, புதன்

முப்பத்தெட்டு. தூக்குவாளியைத் தினமும் கழுவி மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாரும் கேட்டு வரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி. ஆடி கடைசி

முப்பத்தெட்டோடு நின்றுவிட்டது. கம்பெனி ஆட்கள் நாலு மணிக்கே வந்து வாட்சுகளை எண்ணி எடுத்துப் பெட்டியில் போட்டு ஒட்டினார்கள். டெமோ வாட்சையும்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், என் மேஜை எம்மாத்திரம். அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதேன்.

கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் லிஃப்ட் திறந்தது. வீரணன் அண்ணன். மெலிந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. பஞ்சவர்ணம் அக்கா பின்னால் நின்றார்கள். சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. மேஜைக்கு அடியில் தெரிந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒம் மேல கோவம் இல்லண்டு சொல்ல மாட்டேன் தாயி."

"சொல்ல வேண்டாம்ணே."

"பன்னெண்டு நாளு எங்கிட்டப் பொய் சொல்லிருக்க. நானும் ஊரு பூராம் அதையே சொல்லிருக்கேன்."

"ஆமாண்ணே."

அதற்கு மேல் மன்னிப்பு என்ற சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது அவரிடம் இன்னொன்றைக் கேட்பது போல ஆகிவிடும் என்று பட்டது.

பழக்கத்தில் அவர் கையை நீட்டினார். வெறும் மேஜையைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொள்ளப் போனார். நான் பிடித்துக்கொண்டேன். ஷோரூமில் சேர்ந்த புதிதில் கொடுத்த முதலுதவிப் பயிற்சி நினைவிருந்தது. கட்டை விரல் கூடாது, ஆள்காட்டி விரலும் நடு விரலும். எதிரே பாத்திரப் பிரிவுச் சுவரில் இருநூறு ரூபாய் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. விநாடி முள் மேலே வரும் வரை காத்திருந்து எண்ணத் தொடங்கினேன். முழு ஒரு நிமிடம். அக்கா என் உதடுகளையே பார்த்தார்கள்.

"எழுவத்தி ரெண்டா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. எம்பத்தி நாலு."

"நெசமாவா?"

"நெசமாண்ணே."

"அப்பச் சரி," என்று கையை எடுத்துக்கொண்டார்.